காதில் ஓதிய காதல் வசனங்கள்

ஒழுங்காகச் செய்தால் ஒருத்தர் கண்ணிலும் படாமல், தப்பாகச் செய்தால் மட்டும் கடைசி வரிசை வரைக்கும் பெயர் வாங்கித் தருகிற ஒரே உத்தியோகம் நாடக ப்ராம்ப்டர் உத்தியோகம்தான்.

நடிகர்கள் மறந்துபோகிற வசனத்தை ஓரமாக நின்று எடுத்துக் கொடுப்பவன் நான். சம்பளம் கிடையாது. கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்வது வயிற்றுக்கு. வார இறுதியில் சன்னிவேலில் ஒத்திகை நடக்கிற ஒரு கராஜுக்குள் நின்றுகொண்டு அடுத்தவர் காதில் ஓதுவது, பதினோரு வருடமாக என் தலையெழுத்து. பொங்கல் விழா, ஆண்டு விழா என்று ஏதாவது ஒன்றில், "நீங்க சும்மாதானே இருக்கீங்க?" என்று யாரோ கையைப் பிடித்து இழுக்க, வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் என் வலி தெரியும். இன்னும் மாட்டாதவர்கள் சிரித்துக்கொள்ளலாம், உங்களையும் ஒரு செயலாளர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த முறை எங்கள் டைரக்டர் சுந்தரம் அங்கிள் எடுத்துக்கொண்டது ஒரு பிரெஞ்சு நாடகம். சிப் கம்பெனியில் முப்பது வருடம் இருந்து ரிட்டயர் ஆனவர். பாரிஸுக்கு டூர் போன இடத்தில் மழைக்கு ஒதுங்கப் போய்ப் பார்த்தாராம். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது, "எல்லாம் முகத்துலயே புரிஞ்சுதுப்பா" என்றார். கதை இதுதான். முகுந்தன் என்பவன் படியில் தவறி விழுகிறான். கல்யாணமான பத்து வருடம் மட்டும் அவனுக்குச் சுத்தமாக மறந்துவிடுகிறது. பெண்டாட்டி தன்னை யார் என்று சொல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியாக தினமும் வந்து போகிறாள். அவன் அவளை மறுபடியும் காதலிக்கிறான். கடைசியில்தான் தெரிகிறது, அவனுக்கு முதல் வாரமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சொன்னால் பழையபடி புருஷன் பெண்டாட்டி ஆகிவிடுவோமே என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். பாரிஸைப் புதுச்சேரி ஆக்கி, 'மன்னிக்கணும், நீங்க யாரு?' என்று தலைப்பு வைத்தோம்.

ரெண்டு செகண்ட்

மூலத்தில் இரண்டாவது அங்கத்தின் முடிவில் ஒரு முத்தம் வருகிறது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கமிட்டி இதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியது. முத்தத்துக்குப் பதில் கைகுலுக்கலாம் என்றார் ஒருவர். அது இன்டர்வியூ மாதிரி இருக்கும் என்றார் இன்னொருவர். பொன்னாடை போர்த்தலாம் என்று மூன்றாமவர் சொன்னபோது சுந்தரம் அங்கிள் எழுந்து வெளியே போய்விட்டார். சமாதானப்படுத்திக் கூட்டி வந்தோம்.

கடைசியில் ஃபில்டர் காபி என்று முடிவாயிற்று. அவள் டம்ளரை நீட்டுவாள், அவன் வாங்குவான், விரலோடு விரல் படும், விளக்கு அணையும். எல்லாரும் நிம்மதியாக போண்டா பக்கம் கையை நீட்டியபோது செயலாளர் மட்டும் நோட்டில் எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்து சொன்னார்: "விரல் படலாம் சார். ஆனா ரெண்டு செகண்டுக்கு மேல படக் கூடாது, சின்னப் பசங்க வருவாங்க."

டாக்டரின் மனசாட்சி

நாடகத்தில் வரும் டாக்டர் வேஷத்துக்கு நிஜ டாக்டரையே போட்டால் களையாக இருக்கும் என்று சுந்தரம் அங்கிள் நினைத்தார். மில்பிடாஸில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் செல்வநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். வசனத்தை வாங்கி மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, ஞாபகம் இப்பிடிப் பாத்துப் பாத்துப் பத்து வருசம் மட்டும் அழியாது. இதை நான் மேடையில சொன்னா, நாளைக்கு என்ர பேஷன்ட் ஒராளும் என்னை நம்பாது" என்றார்.

இது கற்பனை என்று சொல்லிப் பார்த்தோம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படி அழியும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தோம். ஒரு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் வசனத்தைச் சொல்கிறேன், ஆனால் சொந்தமாக ஒரு வரி சேர்ப்பேன் என்று ஒப்புக்கொண்டார். அன்று ஒத்திகையில் உருக்கமான இடம். "இவருக்குப் பத்து வருசம் மறந்து போச்சுது" என்று கணீரென்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டிருந்த கதாநாயகிக்கு முதுகைக் காட்டி, காலி நாற்காலிகளைப் பார்த்துத் திரும்பினார்: "உங்கட வீட்டில ஆரும் இப்பிடி விழுந்தா நாடகம் பாத்துக்கொண்டிருக்காமல் உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

ராஜாவும் நானும்

முன்பெல்லாம் திரைக்குப் பின்னால் நின்று கிசுகிசுப்பதுதான் வழக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு சரித்திர நாடகம் போட்டோம். நான் கிசுகிசுத்ததையெல்லாம் ராஜாவின் சட்டையில் இருந்த மைக் பிடித்துக்கொண்டது. அரங்கம் முழுக்க ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை கேட்டது, முதலில் என் குரலில், அப்புறம் ராஜா குரலில். எனக்கு மட்டும் இது தெரியவே தெரியாது. தொண்டை வறள வறள ஓதிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் முதல் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் தேடிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "தம்பி, உங்க குரல் பிரமாதம். அந்த ராஜாவை எதுக்கு நடுநடுவுல பேச விட்டீங்க?"

ஒரே கால்

அந்த அவமானத்துக்குப் பிறகு வந்ததுதான் எங்கள் புதிய ஏற்பாடு. ஆபீஸில் தினமும் செய்வதுதானே என்று, நடிகர்கள் எல்லாரும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் சேர்ந்துவிடுவார்கள். இடுப்பில் ஃபோன், ஒரு காதில் ப்ளூடூத், அதன்மேல் முடியோ விக்கோ. அவர்கள் எல்லாரும் மியூட். நான் மட்டும் ஓரத்தில் நின்றுகொண்டு பேசுவேன். நான் சொல்வது அத்தனை பேர் காதிலும் விழும், யாருக்கான வரியோ அவர் சொல்ல வேண்டும்.

முகுந்தனாக நடித்த கார்த்தி திருப்பூர்ப் பையன், முப்பத்திரண்டு வயது, சன்னிவேலில் வேலை. லட்சணமான முகம், வெண்கலக் குரல், ஞாபகசக்தி மட்டும் கிடையாது. மறதிக்காரன் வேஷத்துக்கு மறதிக்காரனையே பிடித்துவிட்டோம் என்று அங்கிள் முதல் நாள் பெருமைப்பட்டார், இரண்டாம் நாள் படவில்லை. கார்த்தியின் பழக்கம், காதில் விழுந்ததை அப்படியே ஒப்பிப்பது. "கார்த்தி, மூச்சு விட்டுட்டு நிதானமா சொல்லு, 'உங்களை இதுக்கு முன்னாடியே பார்த்திருக்கேன்'" என்று நான் சொன்னால், காதல் ததும்பும் கண்களோடு அவன் கதாநாயகியை நோக்கி, "கார்த்தி, மூச்சு விட்டுட்டு நிதானமா சொல்லு" என்று ஆரம்பிப்பான்.

தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கண்டித்தேன். அவன் கோபப்படவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டான்: "காதுல வர்றதைச் சொல்றேனுங்ணா, அதுல எது நாடகம், எது நீங்கன்னு நான் எப்படிங்ணா பிரிக்கிறது?"

கதாநாயகி சென்னையில்

கதாநாயகி வித்யா, தங்கை கல்யாணத்துக்குச் சென்னை போனாள். அப்படியே விசா ஸ்டாம்பிங்கும் முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். அந்த 'அப்படியே' என்கிற வார்த்தையை நம்பி வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறோம். அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஏதோ சரிபார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நாடகத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

அங்கிள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சுற்றி நின்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டோம். அந்தப் பெண் பாவம், அழுதேவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு யோசனை சொன்னாள்: "அங்கிள், பெரிய ஸ்கிரீன் மட்டும் வச்சிடுங்க, நான் வீடியோ கால்லயே காதலிச்சிடறேன்."

உன் இஷ்டம்

அந்த வேஷத்தை ஏற்றுக்கொண்டது என் மனைவி சித்ரா. நான் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள், அங்கிள் கேட்டார். பதினோரு வருடத்தில் அந்த கராஜுக்குள் அவள் கால் வைத்ததில்லை. ஏன் சரியென்றாய் என்று காரில் கேட்டேன். "சனி ஞாயிறுல உன்னைப் பார்க்க வேற வழி இருந்தா சொல்லு" என்றாள். காலேஜில் நடித்தவள், நான்கே நாளில் பாதி வசனம் நெட்டுரு. எனக்கு வேலையே வைக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சித்ராவின் கம்பெனி அவளுடைய டீமை டெக்சாஸுக்கு, ஆஸ்டினுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பெரிய பதவி. வருகிறாயா இல்லையா என்று நாடகம் முடிந்த திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். மூன்று தடவை என்னிடம் கேட்டாள். மூன்று தடவையும் நான், "உன் இஷ்டம்" என்றேன். பெண்டாட்டிக்கு முழுச் சுதந்திரம் கொடுக்கிற நவீன கணவன் என்று எனக்கு என்மேல் ஒரு மதிப்புக்கூட வந்தது. உண்மை அதுவல்ல. என் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம், ஆனாலும் இந்த இடத்தை விட்டுக் கிளம்பச் சோம்பல். அவள் போவதும் பிடிக்கவில்லை. போகாதே என்றால் அவள் வளர்ச்சியைத் தடுத்த பாவி ஆவேன். பயந்துகொண்டு பேசாமல் இருந்தேன். அவள் மட்டும் போனால் மகளையும் அழைத்துக்கொண்டுதான் போவாள் என்பதும், மாதம் ஒருமுறை விமானத்தில் போய்க் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

மூன்றாவது தடவை கேட்டபோது சித்ரா கோபப்படவில்லை. டிஷ்வாஷரில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஊர்ல எல்லார் வாய்லயும் வார்த்தையைக் கொண்டு போய் வைக்கிறே ரகு, உன் வாய்க்கு மட்டும் ஆள் கிடைக்கலையா?"

ஜி.பி.எஸ்.

வீட்டில் சித்ராவுக்கு ஒத்திகைத் துணை நான்தான். அவள் சமைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியாகப் பேசுவாள், நான் கையில் ஸ்கிரிப்டோடு முகுந்தனின் வரிகளைச் சொல்வேன். "உங்களைப் பார்த்தா எனக்குப் பத்து வருஷம் பழகின மாதிரி இருக்கு" என்ற வரியை நான் படித்தபோது அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு ஏனோ கூச்சமாகிவிட்டது. பார்வையைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த வரியை இன்னும் வேகமாகப் படித்தேன்.

எங்கள் மகள் நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் சொல்வதெல்லாம் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னாள்: "அப்பா, யூ சவுண்ட் லைக் த ஜி.பி.எஸ்."

டெலீட்

கடைசிக்கு முந்தைய ஒத்திகை. மூன்றாவது அங்கம், நிலவொளி, கார்த்தியும் சித்ராவும் பெஞ்சில். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து ஒருத்தன் இன்னொரு ஃபோனில் கூப்பிட்டான். டெஸ்டுக்குப் போட்டு வைத்த பழைய டேட்டாவை என்ன செய்வது என்று கேட்டான். ஒரு நிமிடம்தானே என்று பேசினேன். நாடகத்து ஃபோனை மியூட் செய்ய மறந்துவிட்டேன்.

கார்த்தி மெதுவாக சித்ராவின் பக்கம் திரும்பினான். குரல் தழுதழுத்தது. "பழசு எல்லாத்தையும் டெலீட் பண்ணிடுங்க. எவ்வளவு இருந்தாலும் பரவாயில்ல, யாரும் கேட்க மாட்டாங்க" என்றான். என் குரல் சித்ரா காதிலும்தானே விழுந்திருக்கும். ஆனால் அவள் அசரவில்லை. "பத்து வருஷம் ஏற்கெனவே போயாச்சு, இன்னும் என்ன பாக்கி இருக்கு டெலீட் பண்ண?" என்று முகுந்தனைக் கேட்டாள். பார்த்தது என்னவோ என்னை.

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. அங்கிள் ஓடி வந்து என் கையிலிருந்த ஸ்கிரிப்டைப் பிடுங்கி, அந்த இரண்டு வரியையும் எழுதிச் சேர்த்துவிட்டுச் சொன்னார்: "பிரெஞ்சுக்காரனுக்கே இது தோணலைப்பா."

பக்கம் எழுபத்தொன்று

சனிக்கிழமை மாலை நான்கு மணி, மில்பிடாஸில் ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியம். முந்நூறு பேர், அதில் பாதிப் பேர் கையில் சமோசா. டாக்டர் செல்வநாயகம் தன்னுடைய சொந்த வரிக்கு அன்றைய முதல் கைதட்டலை வாங்கினார். காபி டம்ளர் சரியாக இரண்டு செகண்டில் கை மாறியது. மேடை ஓரத்தில் நான் வழக்கம்போல் கார்த்திக்கு ஓதிக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்லபடியாகப் போனது, எழுபத்தொன்றாம் பக்கம் வரைக்கும்.

அந்தப் பக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரி ஊரைவிட்டுப் போகிறாள். "நாளைக்குக் கிளம்பறேன். வழியனுப்ப வருவீங்களா?" என்று கேட்பாள். முகுந்தன் அதற்குமேல் தாங்க முடியாமல், தனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டதை ஒப்புக்கொள்வான். சித்ரா "நாளைக்குக் கிளம்பறேன்" என்று சொன்னாள். அதோடு நிறுத்தினாள். பிறகு கார்த்தியை விட்டுவிட்டு, நான் நின்ற பக்கமாகத் திரும்பினாள். "நான் போறதுல உனக்கு என்ன தோணுது? உன் இஷ்டம்னு மட்டும் சொல்லாத" என்றாள்.

இது எழுபத்தொன்றிலும் இல்லை, எழுபத்திரண்டிலும் இல்லை. பக்கங்களைப் புரட்டிய வேகத்தில் கிளிப் கழன்று தாள்கள் தரையில் கொட்டின. மேடையில் கார்த்தி அழகாகப் புன்னகை செய்துகொண்டு, காதை லேசாகத் தடவிக்கொண்டு, எனக்காகக் காத்திருந்தான். ஒரு சமோசா கடிபடுகிற சத்தம்கூடக் கேட்டது. இதை எனக்கு எடுத்துக் கொடுக்க யாருமில்லை. "இரு கார்த்தி, யோசிக்கிறேன்" என்றேன்.

"இரு கார்த்தி, யோசிக்கிறேன்" என்றான் முகுந்தன், முந்நூறு பேருக்கும் கேட்கும்படி. அரங்கம் சிரித்தது. சித்ரா சிரிக்கவில்லை. "சீக்கிரம் யோசி" என்றாள். எனக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம். கீழே கிடந்த தாள்களைப் பார்த்தேன், ஒன்றிலும் உதவி இல்லை. வாயைத் திறந்தேன். "எனக்குப் பிடிக்கல. நீயும் நிலாவும் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. போகாதன்னும் சொல்ல மாட்டேன். நீ போ, நானும் வரேன். டெக்சாஸ் வெயில் எனக்கு ஆகாது, இருந்தாலும் வரேன்" என்றேன். ஒரே காலில் இருந்ததால் அவள் காதில் முதலில் விழுந்தது என் குரல்தான். கார்த்தி அதற்கப்புறம் புதுச்சேரி முகுந்தனாக, டெக்சாஸ் வெயில் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் சொன்னான். லைட் போர்டுக்குப் பக்கத்தில் அங்கிள் "டெக்சாஸா!" என்று அலறியதாகப் பிறகு சொன்னார்கள். நான் கேட்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது சித்ராவின் முகத்தை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்கிரிப்டின் அடுத்த வரிக்குப் போனாள். "அப்போ உங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சா?" நான் எடுத்துக் கொடுக்காமலே, வாழ்க்கையில் முதல் முறையாகக் கார்த்திக்குத் தன் வரி ஞாபகம் வந்தது. "முதல் வாரமே வந்துடுச்சு" என்றான்.

கைதட்டல் அடங்கியதும் மேக்கப் அறைக்குப் போனேன். சித்ரா கண்ணாடிக்கு முன்னால் விக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சும்மா நாடகத்துக்காகச் சொன்னேன் என்று நான் நழுவிவிடுவேனோ என்று அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். எனக்கும் இருந்தது. காதிலிருந்த ப்ளூடூத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "முந்நூறு பேர் முன்னாடி சொல்லியிருக்கே ரகு, அட்டைப் பெட்டி எங்க கிடைக்கும்னு பாரு."

பதினோரு வருடமாக நான் எடுத்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான வசனங்களில் ஒத்திகையே பார்க்காத அந்த ஒன்றுதான் சொன்னது சொன்னபடி பலித்தது என்பதால், இதை ஆஸ்டினில், ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.